மின்தேக்கியின் மூப்பு

தமிழ்நாட்டுப் பழங்கோயில்கள் சிலவற்றின் சுவர்களில், கல்வெட்டு எழுத்துகளுக்கு அருகே, இரண்டு குறிகளுக்கு இடையே ஒரு நேர்கோடு வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அது வெறுங்கோடு அன்று. அக்காலத்தில் நிலம் அளந்த கோலின் நீளம். மரக்கோல் தேயலாம், வளையலாம், முனை முறியலாம். வேண்டுமென்றே யாரேனும் குறைத்தும் வைக்கலாம். கோலைச் சுவரருகே கொண்டுசென்று ஒத்துப் பார்த்தால் ஐயம் தீரும். அளக்கும் கருவியையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு அந்தக் கோடு சான்று.

இருபதாம் நூற்றாண்டு புதுவகை அளவுகோல்களைக் கொண்டுவந்தது. வால்வு வோல்ட் மீட்டர், அலைகாட்டி, அலையாக்கி என்ற மின்னணுக் கருவிகள் அவை. மரக்கோலின் தேய்வு கண்ணுக்குத் தெரியும். இவற்றின் தேய்வு தெரியாது. விளக்கு எரியும், முள் ஆடும், திரையில் கோடு ஓடும். ஆனால் காட்டும் எண் பொய்யாக இருக்கும். அந்தப் பொய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது மின்தேக்கி என்னும் சிறிய உறுப்பு. அது எப்படிப் பிறந்தது, ஏன் மூப்படைகிறது, பழைய கருவிகளில் அதனை எவ்வாறு மாற்றுவது என்பனவற்றை, நான் நன்கறிந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மின்தேக்கி என்பது பாடநூற் சொல். கடைத்தெருவில் அதற்குக் ‘கண்டென்சர்’ என்று பெயர். வீட்டு மின்விசிறி சோம்பிச் சுழன்றால், “கண்டென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று மின்பணியாளர் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த உறுப்பின் தொழிலை விளக்குவதற்கு வெளியூர் உவமை எதுவும் வேண்டா. நம் ஊர்க் கண்மாயே போதும்.

மேற்குத் தொடர்ச்சி மலையிற் பெய்யும் மழை, ஓடைகளில் சில நாள் வெள்ளமாக வரும், பிறகு வற்றிவிடும். வயலுக்கோ நாள்தோறும் ஓரளவு நீர் வேண்டும். வரும்போது வாங்கி வைத்து, வேண்டும்போது மடைவழியே விடுவதற்காகக் கண்மாயை வெட்டினார்கள். மின்சாரத்திலும் நிலைமை அதுவே. நம் வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. அதனை ஒருதிசைப்படுத்தினால் நொடிக்கு 100 துடிப்புகளாக வந்து விழும். வால்வுக்கோ டிரான்சிஸ்டருக்கோ வேண்டியது அலையாத, சீரான மின்னழுத்தம். துடிப்பை வாங்கிச் சீராக வெளியிடும் கண்மாயே மின்தேக்கி. ஊர்ப் பஞ்சாயத்து வானொலியைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு, பேச்சுக்கு அடியிலே ஓயாது கேட்ட ‘ம்’ என்ற முரல் ஒலி நினைவிருக்கலாம். கண்மாய் தூர்ந்து, அந்த 100 துடிப்புகளும் ஒலிபெருக்கி வரை சென்றதன் அடையாளம் அது.

கண்மாய்க்கு வரும் கேடுகள் மூன்று. மண் மேடிட்டுக் கொள்ளளவு குறைவது ஒன்று. கரை கசிவது மற்றொன்று. மடை அடைபட்டு, உள்ளே நீரிருந்தும் வெளியே வராமற் போவது மூன்றாவது. மின்தேக்கியின் மூப்பும் இந்த மூன்று வடிவங்களில்தான் வரும். கொள்ளளவு குறைதல், மின்கசிவு, உள்தடை மிகுதல் என்பன அவை. இம்மூன்றையும் மனத்திற் கொண்டால், பின்னே சொல்லப்போகும் வரலாறு எளிதில் விளங்கும்.

மின்தேக்கியின் கதை ஒரு கண்ணாடிச் சாடியில் தொடங்குகிறது. 1745ஆம் ஆண்டில் பொமரேனியா நாட்டைச் சேர்ந்த ஃபான் கிளைஸ்ட் என்பவரும், அடுத்த ஆண்டில் ஆலந்து நாட்டு லைடன் நகரப் பேராசிரியர் முஷன்புரூக்கும், ஒருவரையொருவர் அறியாமலே, நீர் நிறைந்த கண்ணாடிக் கலத்தில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கலாம் என்று கண்டனர். அதைத் தொட்டவர் உடல் அதிர்ந்தது. நகரின் பெயரால் அது ‘லைடன் சாடி’ ஆயிற்று. சாடியின் வடிவம் முக்கியமில்லை. இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு கடத்தாப் பொருள் இருந்தாற் போதும் என்று பின்னர் தெளிந்தனர். நடுவிலிருக்கும் பொருள் இன்னது என்பதைப் பொறுத்துக் கொள்ளளவு மாறும் என்பதை 1837இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்து காட்டினார். கொள்ளளவின் அலகுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

தகடுகளின் பரப்பு மிகுந்தால் கொள்ளளவு மிகும்; இடைவெளி மிகுந்தால் குறையும்; நடுவிலுள்ள பொருள் மாறினால் கொள்ளளவும் மாறும். மின்தேக்கியின் வரலாறு முழுவதும் அந்த நடுப்பொருளின் வரலாறே. மூப்பு வந்து சேரும் இடமும் அதுவே.

முதலிற் கண்ணாடி. பிறகு அப்பிரகம், அதாவது நம் சிறுவர்கள் காக்காப்பொன் என்று பொறுக்கி விளையாடும் கல். அமெரிக்கரான வில்லியம் டூபிலியர், வானொலி அனுப்பிகளில் எளிதில் உடையும் லைடன் சாடிகளுக்கு மாற்றாக அப்பிரகத் தகடுகளை அமைத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் அது பரவிற்று. இன்று ஜார்க்கண்டில் உள்ள கோடர்மாவும், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்துக் கூடூரும் உலகுக்கு அப்பிரகம் அனுப்பிய இடங்கள். அப்பிரகம் கல், எளிதில் மூப்படையாது. எழுபது ஆண்டுக்கு முந்திய அப்பிரக மின்தேக்கி இன்றும் தன் அளவில் நிற்பதை நான் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் அப்பிரகம் விலை மிக்கது. மலிவான வழியை 1876இல் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் காட்டினார். மெழுகு ஊட்டிய காகிதத்தை உலோகத் தாள்களுக்கு நடுவே வைத்துச் சுருட்டிவிட்டார். வானொலிப் பெட்டிகள் பெருகிய காலத்தில் காகித மின்தேக்கி கோடிக்கணக்கில் உற்பத்தியாயிற்று. ஆயினும் காகிதம் காகிதமே. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875ஆம் ஆண்டில் தோன்றிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அதுபோன்ற பழைய நூலகம் எதிலும் நூறாண்டு கண்ட ஏட்டை எடுத்துப் புரட்டினால், தாள் பழுத்து, ஓரம் நொறுங்குவதைக் காண்பீர்கள். தாவர நார் ஈரத்தை உறிஞ்சுகிறது. அமிலம் அதனை அரிக்கிறது. நூலின் தாளுக்கு நேர்வதே மின்தேக்கியின் தாளுக்கும் நேர்கிறது. மெழுகு வெடித்து ஈரம் உட்புகும். கடத்தாத தாள் சிறிது சிறிதாகக் கடத்தத் தொடங்கும். இது கரைக்கசிவு.

இன்னொரு கிளை 1896இல் முளைத்தது. போலந்து நாட்டவரான கரோல் பொல்லாக் என்பவர், அலுமினியத் தகட்டை வெண்காரக் கரைசலில் வைத்து மின்னோட்டம் செலுத்தினால், தகட்டின்மீது மிக மெல்லிய ஆக்சைடு ஏடு படர்ந்து, அதுவே கடத்தாப் பொருளாக நிற்பதைப் பயன்படுத்தி மின்தேக்கி செய்து உரிமம் பெற்றார். வெண்காரம் நம் பொற்கொல்லர் பற்றவைப்புக்குப் பயன்படுத்தும் பொருளே. இந்த ஆக்சைடு ஏட்டின் கனம், 400 வோல்ட் தாங்கும் உறுப்பிலுங்கூட, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. இடைவெளி அவ்வளவு குறைந்ததால் கொள்ளளவு மிகப் பெரிதாயிற்று. 1920களில் சாமுவேல் ரூபன் முதலியோர் கரைசலைப் பசைபோல் தாளில் ஊட்டிச் சிறிய குழலில் அடக்கினர். வானொலிகளில் ‘எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்’ என்று வழங்கியது அதுவே.

இது பெரிய கண்மாய்தான். ஆனால் விரைவில் தூரும் கண்மாய். உள்ளிருக்கும் ஈரம் ரப்பர் மூடியின் வழியே ஆண்டுக்கணக்கிற் கசிந்து ஆவியாகிறது. ஈரம் குறையக் குறையக் கொள்ளளவு குறையும், உள்தடை மிகும். வெப்பம் இந்தக் கேட்டை விரைவுபடுத்தும். வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் இதன் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. 85 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட உறுப்பு, 55 பாகையில் 16,000 மணி உழைக்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இயங்கினால் அது ஐந்தரை ஆண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், வால்வுகளின் சூடும் சேர்ந்த ஒரு பெட்டிக்குள் அந்த உறுப்பு என்ன பாடுபடும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

இனி இந்த வட்டாரத்துக்கு வருவோம். இராஜபாளையம் பஞ்சாலை நகரம். 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அடுத்தடுத்து வேறு ஆலைகளும் எழுந்தன. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அந்த எண்ணே நூலின் ‘கவுண்ட்’ அல்லது நம்பர். ஒரு சிட்டத்தை நிறுத்தால் நம்பர் தெரிந்துவிடும். ஆனால் அது சராசரி மட்டுமே. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுகிற நூலும் அதே எடை காட்டக்கூடும். தறியில் ஏறும்போதுதான் அதன் குறை தெரியும். மெலிந்த இடத்தில் அறும், தடித்த இடம் துணியில் வரியாக விழும். ஒரு காலத்தில், நூலைக் கறுப்புப் பலகையிற் சுற்றிக் கண்ணாற் பார்த்தே அதன் சீர்மையைத் தீர்மானித்தார்கள். ஒருவர் நல்ல நூல் என்பார். இன்னொருவர் இல்லை என்பார்.

இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது ஒரு மின்தேக்கி. சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்னும் ஊரிலிருந்த செல்வெகர் நிறுவனம் 1948ஆம் ஆண்டில் நூலின் சீர்மையை அளக்கும் மின்னணுக் கருவியை வெளியிட்டது. அதன் கருத்து எளியது. இரண்டு சிறிய உலோகத் தகடுகள். அவற்றுக்கு நடுவே காற்று. அந்த இடைவெளியின் ஊடே நூல் ஓடுகிறது. காற்றினும் பஞ்சு மின்தேக்கத்துக்கு இணக்கமானது. தடித்த நூல் வந்தால் கொள்ளளவு இம்மியளவு கூடும். மெலிந்த நூல் வந்தால் குறையும். உயர்அதிர்வெண் மின்னோட்டம் அந்த மாற்றத்தை உணர்ந்து, பெருக்கி, ஓடும் காகிதச் சுருளில் கோடாக வரைந்து காட்டும். ஊரின் பெயர் கருவிக்கு ஆகி, கருவியின் பெயர் அளவுக்கும் ஆயிற்று. இன்று இராஜபாளையத்து ஆலைப் பணியாளரிடம் ‘ஊஸ்டர்’ என்றால் அவர் சுவிட்சர்லாந்தை நினைக்கமாட்டார். நூலின் சீர்மையைத்தான் நினைப்பார். 1956இல் கோயம்புத்தூரில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், இத்தகைய அளவுமுறைகளை ஆலைகளுக்குக் கற்பிப்பதில் பெரும்பங்கு கொண்டது.

இக்கருவியில் ஒரு நுட்பம் உண்டு. நீர், பஞ்சைவிடப் பல மடங்கு மின்தேக்கத்துக்கு இணக்கமானது. ஆகவே ஈர நூல் தடித்த நூல்போலத் தோன்றிக் கருவியை ஏமாற்றும். அதனாற்றான் சோதனை அறையின் காற்றீரம் 65 சதவீதமாகவும், நம் நாட்டில் வெப்பநிலை 27 பாகையாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். சோதனை அறையின் ஈரத்தை இவ்வளவு கவனமாகக் காத்தவர்கள், கருவியின் வயிற்றுக்குள் இருந்த காகித மின்தேக்கிகளின் ஈரத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. வெளியே இருந்த மின்தேக்கி நூலை அளந்தது. உள்ளே இருந்தவை அந்த அளவைத் தாங்கின. உள்ளே ஒன்று கசிந்தால் வெளியே நல்ல நூலுக்கும் பழி வரும்.

அந்தக் காலத்தில் இத்தகைய கருவிகள் எல்லாம் கடல் கடந்தே வந்தன. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் மெக்கேடி 1923இல் அமைத்த ஏவோ மீட்டர், 1939இல் ஹியூலெட்டும் பாக்கார்டும் வெளியிட்ட ஒலிஅலையாக்கி, 1947இல் டெக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட 511 என்னும் அலைகாட்டி ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். அந்நியச் செலாவணி அரிது. எனவே ஒரு கருவி வந்தால் அதனைப் பத்தாண்டு அன்று, முப்பது நாற்பது ஆண்டுகள் வைத்துக்கொண்டார்கள். பெங்களூரில் 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தோன்றியது. 1963இல் ஹோமி பாபா தலைமையில் அமைந்த குழு, மின்னணுத் துறையில் நாடு தன் காலில் நிற்பதற்கான வழிகளை ஆராய்ந்து 1966இல் அறிக்கை தந்தது. 1970களில் கேரளத்தின் கண்ணூரில் கெல்ட்ரான் நிறுவனம் மின்தேக்கிகளை உற்பத்தி செய்தது. இவ்வாறு உறுப்புகள் உள்நாட்டிலே கிடைக்கத் தொடங்கியபின், பழைய கருவியை மராமத்து செய்து வாழவைப்பது எளிதாயிற்று. 1984இல் கிருஷ்ணன்கோயிலில் எழுந்த பொறியியற் கல்லூரி உட்பட, இவ்வட்டாரத்துக் கல்விக்கூடங்களிற் பயில்வோருக்கு இந்த மராமத்துக் கலை ஒரு நல்ல பாடம் என்பது என் கருத்து.

ஏன் அது பாடம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு கல்விக்கூடத்தின் சோதனைச்சாலையில் பழைய வால்வு வோல்ட் மீட்டர் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு மாணவர்கள் உலர்மின்கலங்களைச் சோதித்து, 1.5 வோல்ட் காட்டாதவற்றைத் தேய்ந்தவை என்று ஒதுக்கி வந்தார்கள். ஒதுக்கிய கலங்கள் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. அவற்றை வேறு மீட்டரால் அளந்தபோது பல கலங்கள் நல்ல நிலையில் இருந்தன. வோல்ட் மீட்டரைத் திறந்து பார்த்தேன். அளக்கும் மின்னழுத்தம் 33 லட்சம் ஓம் தடையின் வழியே வால்வின் கிரிட்டுக்குச் செல்கிறது. அந்த இடத்திலிருந்து தரைக்கு ஒரு காகித மின்தேக்கி. அது சிறிதும் கடத்தக்கூடாதது. ஆனால் மூப்பினால் அது 2 கோடி ஓம் தடைபோல் நடந்துகொண்டது. கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தம் 233 லட்சம் ஓமில் 200 லட்சத்தின் பங்குதான் கிரிட்டை அடையும். 1.5 வோல்ட், 1.29 வோல்ட்டாகத் தோன்றும்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. முனைகளை ஒன்றுசேர்த்தால் முள் சரியாகச் சுழியில் நின்றது. சுழி சரியாக இருப்பதைக் கண்டு கருவியும் சரியாக இருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். சுழியில் 14 சதவீதப் பிழையும் சுழியே அன்றோ! கருவியின் திருத்தும் திருகைச் சற்றுத் திருப்பி 1.5 காட்டும்படி செய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் மின்கசிவு நிலையானது அன்று. மழைநாளிற் கூடும், கருவி சூடேறினாலும் கூடும். காலையில் திருத்திய கருவி மாலையில் வேறு சொல்லும். நோயை விட்டுவிட்டு முள்ளைத் திருத்துவது மருத்துவம் ஆகாது. எந்த உறுப்பால் பிழை வந்ததோ அந்த உறுப்பை மாற்றியபோதுதான் அந்த மீட்டர் உண்மை பேசிற்று. ஒதுக்கிய கலங்களுள் நல்லவை திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆனால் அம்மீட்டரை நம்பி மாணவர்கள் ஏட்டில் எழுதிய எண்களை யார் திருத்துவது? ஒரு வானொலி பழுதுபட்டால் ஒரு வீட்டில் பாட்டு நிற்கும். ஓர் அளவைக் கருவி பழுதுபட்டால், அது தொட்ட பொருள்களின் அளவெல்லாம் பொய்யாகும்.

மராமத்து முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, உயிர்க் காப்பு. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் இருக்கும். 32 மைக்ரோஃபாரடு, 400 வோல்ட் என்றால், அதிலுள்ள ஆற்றல் இரண்டரை ஜூலுக்கு மேல். அது கையைத் தூக்கி எறியப் போதும். நெஞ்சின் வழியே பாய்ந்தால் உயிருக்கே ஊறு. அலைகாட்டியின் படக்குழலுக்குரிய பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். தக்க தடையொன்றை இணைத்து மின்னூட்டத்தை வடித்து, மீட்டரால் அளந்து, சுழி என்று கண்டபிறகே கை வைக்க வேண்டும். பயிலாத மாணவர் ஆசிரியர் துணையின்றி இப்பணியில் இறங்கலாகாது. பழைய எண்ணெய் நிரப்பிய மின்தேக்கிகள் சிலவற்றில் ‘பிசிபி’ என்னும் நச்சு எண்ணெய் உண்டு. கசியும் உறுப்பை வெறுங்கையால் தொடவோ, உடைக்கவோ, குப்பையில் எறியவோ கூடாது.

இரண்டாவது, ஆண்டுக்கணக்கில் உறங்கிய கருவிக்கு உடனே முழு மின்சாரம் கொடுக்கலாகாது. எலக்ட்ரோலிடிக் உறுப்பின் ஆக்சைடு ஏடு நெடுநாள் ஓய்வில் நலிந்திருக்கும். முழு அழுத்தம் பாய்ந்தால் அது சூடேறி வெடிக்கும். வானொலி மெக்கானிக்குகள் குமிழ் விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் தருவார்கள்; உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், கருவி தப்பும். உறுப்பைத் தனியே எடுத்து, தடையின் வழியே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி ஏட்டை மீண்டும் வளர்க்கவும் செய்யலாம். ஆயினும் உலர்ந்துபோன உறுப்புக்கு அது நிலையான மருந்து அன்று.

மூன்றாவது, எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது என்ற தெளிவு. காகித மின்தேக்கி, எலக்ட்ரோலிடிக் ஆகியவற்றை ஐயப்பட வேண்டும். அப்பிரகம், காற்றிடைத் தகடுகள் ஆகியவற்றை அளந்து பார்த்து, நலமாயின் தொடாமல் விடவேண்டும். அலையாக்கியின் அதிர்வெண்ணை நிறுவும் உறுப்பைக் காரணமின்றி மாற்றினால், அக்கருவியின் அளவுகோலே பிறழும். காகிதத்துக்கு மாற்றாக இப்போது பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் ஏட்டு மின்தேக்கிகள் உள்ளன. பாலியெஸ்டர் என்பது 1941இல் இங்கிலாந்தில் துணி அச்சிடுவோர் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் விண்ஃபீல்டும் டிக்சனும் கண்ட பொருள். நம் ஆலைகளில் பஞ்சுடன் கலந்து நூற்கப்படுவதும் அதுவே. துணிக்கு வந்த பொருள் மின்தேக்கிக்கும் உதவிற்று.

புதிய உறுப்பு தாங்கும் வோல்ட் பழையதற்குக் குறையக்கூடாது. நேர்முனை எதிர்முனை மாறக்கூடாது. பெரிய கொள்ளளவு இருந்தால் நல்லதுதானே என்று இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வைக்கவும் கூடாது. கண்மாய் பெரிதானால் அதை நிரப்பும் வாய்க்காலும் தாங்க வேண்டும். தாங்காத ரெக்டிஃபையர் வால்வு விரைவிற் கெடும். ஒரு நேரத்தில் ஓர் உறுப்பையே கழற்றி, புதியதைப் பற்றவைத்து, இயக்கிப் பார்த்து, அதன்பின் அடுத்ததைத் தொட வேண்டும். பத்தை ஒன்றாகக் கழற்றினால், எது எங்கே இருந்தது என்பதும் தெரியாது. எதனால் குணமாயிற்று என்பதும் தெரியாது.

நான்காவது, பணி முடிந்தபின் கருவியைத் தக்க அளவுடன் ஒத்துப் பார்த்தல். புதுதில்லியில் 1950இல் திறக்கப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் நம் நாட்டு அளவைகளின் தாயகம். அங்குள்ள அளவோடு ஒத்துப்பார்த்த கருவி, அதனோடு ஒத்துப்பார்த்த மற்றொரு கருவி என்று ஒரு சங்கிலி நம் சோதனைச்சாலை வரை வரவேண்டும். இச்சங்கிலியிலும் மின்தேக்கிக்குச் சிறப்பிடம் உண்டு. 1956ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு தாம்சனும் லாம்பார்டும் ஒரு தேற்றத்தை நிறுவினர். குறிப்பிட்ட வகையில் அமைத்த உலோக உருளைகளின் கொள்ளளவை அவற்றின் நீளத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம் என்பது அது. கொள்ளளவு என்ற மின்னியல் அளவு, மீண்டும் ஒரு கோலின் நீளத்தில் வந்து நின்றது. நடுவே வெற்றிடமே இருப்பதால் அங்கே பழுக்கவும் உலரவும் நடுப்பொருள் இல்லை.

இவையெல்லாம் வால்வுக் காலத்துச் செய்தி, இன்றைக்கு எதற்கு என்று எண்ணவேண்டா. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில், கணினிகளிலே பொருத்தப்பட்ட எலக்ட்ரோலிடிக் மின்தேக்கிகள் கரைசற் கலவையின் குறையால் பெருந்தொகையில் உப்பி வெடித்தன. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில், ஒளி தரும் பகுதி நலமாயிருக்க, அதனை இயக்கும் சுற்றிலுள்ள எலக்ட்ரோலிடிக் உலர்ந்து விளக்கு அணைகிறது. உங்கள் வீட்டு மின்விசிறியில் உள்ளது ஏட்டு மின்தேக்கி. ஏட்டில் ஓரிடம் பொத்துப்போனால், அதைச் சுற்றிய உலோகப் பூச்சு ஆவியாகிப் புண் தானே ஆறிவிடும். ஒவ்வொரு புண்ணுக்கும் சிறிது பரப்பு போகும். கண்மாய் சிறிது சுருங்கும். இரண்டரை மைக்ரோஃபாரடு ஒன்றரை ஆகும்போது விசிறி சோம்புகிறது. பொருள் மாறினாலும் மூப்பு மாறவில்லை.

கண்மாயைத் தூர்வாரிக் கரை கட்டுவதற்கு நம் நாட்டில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. நீரை உண்பவரே கண்மாயைப் பேணவேண்டும் என்பது அதன் உட்கருத்து. அளவைக் கருவியைப் பயன்படுத்துவோர்க்கும் அந்தக் கடமை உண்டு. உங்கள் சோதனைச்சாலையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஏடு வையுங்கள். அது வந்த ஆண்டு, மாற்றிய உறுப்பு, மாற்றிய நாள், ஒத்துப் பார்த்தபோது காட்டிய அளவு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கழற்றிய பழைய உறுப்பை ஓர் உறையிலிட்டுப் பெயரெழுதி வையுங்கள்; பின்வருவோர்க்கு அதுவே அக்கருவியின் வரலாறு. பிறகு ஒரு நாள், மீட்டர் ஒன்றில் அளந்த எண்ணை ஏட்டில் எழுதுமுன், “இக்கருவியைக் கடைசியாக யார், எப்போது அளந்தார்?” என்று ஒரு முறை கேளுங்கள். விடை அந்த ஏட்டில் இருக்குமாயின், நீங்கள் எழுதும் எண்ணைப் பிறரும் நம்பலாம்.